கண்மாய்க் கரையில் நிறுத்திய கார்

மார்கழி பிறந்துவிட்டால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. ஊருக்குள் இருக்கும் பெரிய கண்மாயில் அப்போது வடக்கேயிருந்து வாத்துகள் வந்து இறங்கியிருக்கும். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள் சார், போலீஸ் ஸ்டேஷன் வேலையில் அதற்கெல்லாம் நேரம் ஏது.

என் மனைவி ரீட்டாவுக்கும் இருப்புக் கொள்ளாதுதான். மறதி நோய் வந்த பிறகு விடிந்ததிலிருந்து நடையாய் நடப்பாள். சொந்த வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டு, "ஏங்க, வீட்டுக்குப் போவோம்" என்பாள். நான் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. தலை சீவிவிட்டு, சோறு ஊட்டிவிட்டு, போகிற இடமெல்லாம் கூட்டிப்போவேன். கண்மாய்க்கும் அப்படித்தான்.

தண்ணீரில் வாத்துகளைக் கண்டால் அவளுக்குச் சந்தோஷம். சத்தம் போட்டுக் கூப்பிடுவாள். அத்தனையும் எழும்பிப் பறந்துவிடும். அந்த வருஷம் நான் எதையுமே சரியாகப் பார்க்கவில்லை.

அன்றைக்கு வரித்தலை வாத்துகள் வந்திருந்தன. இமயமலையைத் தாண்டி வருபவை. எங்கள் கண்மாயில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ரீட்டாவைக் காரின் பின்சீட்டில் உட்காரவைத்தேன். பின்கதவுகளைக் குழந்தைகளுக்காகப் பூட்டுவதுபோல் பூட்டினேன், உள்ளிருந்து திறக்க வராது. அவள் குரல் வெளியே வராமலிருக்கக் கண்ணாடிகளையும் ஏற்றினேன். மர நிழலில்தான் நிறுத்தினேன். நிழல் நகரும் என்பது தெரியாதவன் இல்லை. இலுப்பூர்ப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் எடுத்தவன்.

கரைச் சரிவில் படுத்து பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவையும் நிலைகொள்ளாமல்தான் இருந்தன. ஒன்று தலையைத் தூக்கினால் எல்லாம் தூக்கும். அந்த நேரம் பார்த்து, திருச்சியிலிருந்து மகள் பிளெஸ்ஸி போன் செய்தாள்.

"அம்மா எங்கிட்டுப்பா?"

"கார்ல தூங்குறாம்மா," என்றேன் மெதுவாக.

"வெயில் ஏறியிருக்குமேப்பா. கண்ணாடியத் தொறந்து வச்சிருக்கீங்கள்ல?"

"வச்சிருக்கேன்."

போனை அணைத்துவிட்டேன். எழுந்து போய்த் திறந்திருக்கலாம், கார் பக்கத்தில்தான் நின்றது. எழுந்தால் பறந்துவிடும். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று இருந்தேன். மதியம் தாண்டி அவை தாமாகவே போயின. காருக்கு வந்தபோது ரீட்டா சீட்டுக்குக் கீழே சரிந்து கிடந்தாள். உடம்பு கொதித்தது. மூச்சில்லை.

தூங்கிவிட்டாள் என்றே நினைத்தேன் என்று முதலில் உங்களிடம் சொன்னது பொய். அவள் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். முதலில் வேகமாக, அப்புறம் விட்டு விட்டு. எப்போது நின்றது என்பதுகூட எனக்குத் தெரியும். வாத்துகளுக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியை ஏற்றியது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.