குளிர் அறைக் கதவு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. விசிறிச் சத்தத்தில் பின்னால் இருப்பவர்களுக்கு என் குரல் எட்டாது. இன்றைக்கு ராஜாவும் ராணியும் வேண்டாம். ஒரு கதவின் கதை சொல்கிறேன். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் நான். அதனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல முடியும்.

எனக்கு எப்போதுமே குளிர் பிடிக்கும். அதனால்தான் அந்த வேலையும் பிடித்தது.

எண்பதுகளின் நடுவில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் சண்முகரத்தினம் ஐயா கம்ப்யூட்டர் நிலையம் ஒன்று நடத்தி வந்தார். சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்க வசதியில்லாத கப்பல் ஏஜெண்டுகளும் லோரிக் கம்பெனிகளும் போர்ட் கிள்ளானிலிருந்து தங்கள் கணக்கை எங்களிடம் அனுப்புவார்கள். அலமாரி உயரத்துக்கு இயந்திரங்கள். தட்டுத் தட்டாக டேப்புகள். அறைக்கு ஜன்னல் கிடையாது, ஏர்கோன் நிற்பதே கிடையாது. ஒரு டேப் தொலைந்தால் ஒரு கம்பெனியே தலையில் கை வைத்துக்கொள்ளும். ஆகவே அறைக்கு ஒரே ஒரு வழி, தடித்த கண்ணாடிக் கதவு. அதற்கு வெளியே ஒரு மேசை, ஒரு நாற்காலி, நான். மேசைக்கு அடியில் இருந்த பொத்தானை நான் அழுத்தினால்தான் கதவு திறக்கும்.

என் வீட்டுக்காரர் தவறியபோது ஐயா கூப்பிட்டுக் கொடுத்த வேலை அது. "நீ ஒருமுறை பார்த்த முகத்தை மறக்க மாட்டாய், சீதா. எனக்கு அது போதும்" என்றார். எனக்கும் அது போதுமாக இருந்தது. பிள்ளை குட்டி இல்லாதவளுக்கு, தன்னைத் தாண்டித்தான் எவரும் போக வேண்டும் என்கிற ஓர் இடம் கிடைப்பது சின்ன விஷயமில்லை.

அறையில் நெருப்புப் பிடித்தால் தண்ணீர் ஊற்ற முடியாது, இயந்திரம் போய்விடும். அதனால் சுவரோரம் ஆள் உயரச் சிவப்புச் சிலிண்டர்களை நிறுத்தியிருந்தார்கள். உள்ளே கரியமில வாயு. கூரையில் புகையைக் கண்டுபிடிக்கும் கருவி. புகை பட்டால் முதலில் சைரன் அடிக்கும். உள்ளே இருப்பவர்கள் வெளியே வர நேரம் கொடுத்துவிட்டு வாயு திறந்துகொள்ளும். என் நாற்காலிக்கு மேலே சுவரில் ஒரு சாவி. அதை இடப்பக்கம் திருப்பினால் வாயு தானாகத் திறக்காது. மாட்டிவிட்டுப் போன சீனர் நல்ல மனிதர். அந்த வாயு நெருப்பை எப்படி அணைக்குமோ அப்படியே ஆளையும் அணைத்துவிடும் என்று மலாயில் பொறுமையாக விளக்கினார். நான் நன்றாகவே புரிந்துகொண்டேன்.

தூசி ஆகாது என்பதால் அறைக்குள் வெறுங்காலோடுதான் போக வேண்டும். செருப்பெல்லாம் என் மேசைக்குப் பக்கத்தில் மரத்தட்டில் இருக்கும். உள்ளே யார் யார் என்று எட்டிப் பார்க்கவே வேண்டாம். தட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஐயாவின் மருமகன் முத்துக்குமாரு லண்டனில் படித்துவிட்டு வந்து மேனேஜர் ஆனார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வேலையில் கெட்டிக்காரர். வந்த புதிதில் டூல்பெட்டியோடு ஒருவர் மாடியேறி வந்தார். தானாகவே சப்பாத்தைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டுக் கதவின் முன் நின்றார். புது ஆட்கள் சப்பாத்தோடுதான் நுழையப் பார்ப்பார்கள், நான்தான் கழற்றச் சொல்வேன். சொல்லாமலே கழற்றுகிறவர் நம்மவர்தான் என்று பொத்தானை அழுத்தினேன். அவர் நேரே போய் ஒரு டேப்பை எடுத்து வந்து முத்துக்குமாருவிடம் கொடுத்தார். அவருடைய கூட்டாளியாம். என்னைச் சோதிக்க அனுப்பியிருக்கிறார்.

"செருப்பக் கழட்டுனா உள்ள விட்டுருவீங்களா ஆன்டி? இது என்னா, பத்துமலக் கோயிலா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆபரேட்டர் கன்னையா ஒருபடி மேலே போய், "அடுத்த தடவ தேங்காயும் கொண்டு வரச் சொல்றேன் அக்கா, ஒடச்சிட்டே உள்ள விடுங்க லா" என்றான். நானும் சிரித்தேன். சந்திரகலா மட்டும் சிரிக்கவில்லை. சுங்கை வேயிலிருந்து பஸ் ஏறி வருகிற பெண், தகவல் தட்டச்சு செய்கிறவள். என்னைச் சீதாம்மா என்பாள். வரும்போதெல்லாம் எனக்குச் சாப்பிடக் கறிபாப் வாங்கி வருவாள்.

அதற்குப் பிறகு முத்துக்குமாரு ஒவ்வொன்றாக ஒழுங்கு செய்தார். பையன்கள் அடிக்கடி சிகரெட்டுக்கு வெளியே நழுவுகிறார்கள் என்று கதவின் உட்பக்கக் கைப்பிடியைக் கழற்றச் சொன்னார். வெளியே வருவதற்கும் என் பொத்தான்தான். சுவர்ச் சாவியைத் தம்மைக் கேட்காமல் யாரும் தொடக்கூடாது என்றார். சைரன் அடித்தால் கதவைத் திறக்கவே கூடாது, வாயு வெளியேறினால் நெருப்பு அணையாது என்றார். எல்லோரும் வெளியே வந்த பிறகு என்பதுதான் அதன் பொருள். அதுவும் எனக்குப் புரிந்தது.

கடைசியாக, கதவுக்கு அட்டை மெஷின் வருகிறது என்றார். ஆளுக்கொரு அட்டை, செருகினால் திறக்கும்.

"ஆன்டிய வேலய விட்டு அனுப்ப மாட்டேன் லா. பேன்ட்ரில இருங்க. நீங்க போடுற தேத்தண்ணி நல்லாருக்கும்."

அன்போடுதான் சொன்னார். மெஷின் மாட்டியதும் என் நாற்காலியைத் தூக்கி ஸ்டோரில் போடச் சொன்னதும் அதே குரலில்தான். தீபாவளிக்கு முன்னால் மெஷின் வந்துவிடும் என்றார்கள். அதற்கு முன்னால் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் நிலையத்தில் ஆயுத பூஜை பெரிதாக நடக்கும். இயந்திரங்களுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, சூடம் காட்டுவோம். சூடப் புகை கூரைக் கருவியில் படும் என்பதால் தட்டு உள்ளே போவதற்கு முன் நான் சாவியை இடப்பக்கம் திருப்பிவிடுவேன். பூஜை முடிந்ததும் பழையபடி வைப்பேன். வருடா வருடம் அது என் வேலை. யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

அந்த வருடம் முத்துக்குமாருவுக்கு அங்கே முதல் பூஜை. கூட்டமாக உள்ளே போனால் தூசி சேரும், இரண்டு பேர் போதும் என்றார். அவரும் சந்திரகலாவும். மற்றவர்கள் ஐயாவோடு கீழே தெருவுக்கு இறங்கினார்கள். கார்களுக்குப் பூஜை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். மாடியில் நான் மட்டும்.

இருவரும் செருப்பைக் கழற்றினார்கள். நான் பொத்தானை அழுத்தினேன். சூடத்தட்டு உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது.

சாவியைத் தொடக்கூடாது என்பது அவருடைய உத்தரவு. நான் தொடவில்லை.

சந்திரகலா ஒவ்வோர் இயந்திரமாகச் சூடம் காட்டினாள். புகை மெல்ல மேலே ஏறியது. சைரன் அடித்தது. கீழே அந்த நேரம் கார்களை எல்லாம் ஹாரன் அடித்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முத்துக்குமாரு கதவுக்கு ஓடி வந்தார். கண்ணாடியைத் தட்டினார். சாவியைக் காட்டினார், பிறகு மேசையைக் காட்டினார். அவர் வாய் ஆன்டி, ஆன்டி என்று அசைந்தது. எனக்குத் தெரியும், அப்போது கூடச் சாவியைத் திருப்பியிருக்கலாம். நேரம் இருந்தது.

பிறகு சந்திரகலாவும் வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அவளுக்காகக் கதவைத் திறக்கலாமா என்று யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன், கண்ணுகளா. ஆனால் அது ஒரே கதவு. ஒருவரை மட்டும் வெளியே விடுகிற கதவு இல்லை அது.

வாயு வெள்ளையாக வந்தது, மேகம் போல. முதலில் கால்கள் மறைந்தன. நான் திரும்பி உட்கார்ந்துகொண்டு, தட்டில் தாறுமாறாகக் கிடந்த செருப்புகளை ஜோடி ஜோடியாக எடுத்து வைத்தேன். அவருடைய சப்பாத்து. அவளுடைய நீல வார்ச் செருப்பு.

மாடிப்படியில் ஆட்கள் ஏறி வந்த சத்தம் கேட்டுத்தான் பொத்தானை அழுத்தினேன்.

போலீசும் தீயணைப்பு அதிகாரிகளும் கேட்டபோது நடந்ததைச் சொன்னேன். சாவியைத் தொடாதே என்றார், தொடவில்லை. சைரன் அடித்தால் திறக்காதே என்றார், திறக்கவில்லை. கன்னையாவும் மற்றவர்களும் ஆமாம், அப்படித்தான் சொல்லியிருந்தார் என்றார்கள். "படிக்காத பொம்பள, சொன்னத அப்படியே எடுத்துக்கிச்சு. பாவம் லா" என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அட்டை மெஷினைத் திருப்பி அனுப்பிவிட்டார். உட்பக்கக் கைப்பிடியை மறுபடி மாட்டினார்கள். நிலையத்தை மூடுகிற நாள்வரை அந்த நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

சந்திரகலாவின் அம்மா நல்லம்மாளைப் பார்க்க வருடா வருடம் திதிக்குப் போவேன். எனக்கு முதலில் இலை போட்டுவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் போடுவாள். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி கேட்பாள்.

"எம்புள்ள கடைசியா பேசுனது ஒங்ககிட்டதான் அக்கா. என்னா சொன்னா?"

"சிரிச்சிக்கிட்டேதான் போனா நல்லம்மா" என்பேன். அது பொய்யில்லை. சிரித்துக்கொண்டுதான் போனாள்.

நல்லம்மாள் போன மாதம் போய்ச் சேர்ந்தாள். ஐயா அவளுக்கும் முன்னாலேயே போய்விட்டார். இனி நொந்துகொள்ள ஆள் இல்லை. அதனால் அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

சந்திரகலா தட்டோடு கதவின் முன் நின்று, திரும்பி என்னைப் பார்த்தாள்.

"சீதாம்மா, சாவி திருப்பிட்டீங்களா?"

"திருப்பிட்டேன் கண்ணு. நீ போ" என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. மற்றதெல்லாம் அவர் போட்ட உத்தரவு. அவளை நான் என் மகளாகத்தான் நினைத்தேன். இன்றைக்கும் சூடம் ஏற்றும்போது அவளுக்காக ஒரு நிமிடம் கண்ணை மூடுகிறேன்.

நேரமாகிவிட்டது, எழுந்திருங்கள். உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும். பெற்ற பிள்ளைகள் பகலில் போய்ப் பொழுதோடு திரும்பட்டும். அவர்கள் வேலை செய்யும் இடத்தில், பெற்ற தாய் போலப் பார்த்துக்கொள்ள என்னைப் போல் ஒருத்தி வாசலில் இருக்கட்டும்.