நான்கு ஆண்டு வாழ்ந்த ஊர்

கணவர்: ...அதைத்தான் சொல்றேன். இந்த வளைவைத் தாண்டினதும் இடது கைப்பக்கம் ஆளுநர் மாளிகை. வெள்ளை வெளேர்னு, பதினாறு தூண். கண்ணை மூடிட்டு வா. நான் சொல்லும்போது திற.

மனைவி: கண்ணைத் திறந்துட்டு நடந்தாலே இந்தக் கல் பாவின தெரு காலை வாருது. மூடிட்டு வேறயா?

கணவர்: கட்டின புருஷன் கையைப் பிடிச்சுட்டு வர்றதுக்கு என்ன பயம்? வா... வா... ம்ம், இப்போ திற! எப்படி?

மனைவி: துணி காயுது.

கணவர்: என்னது?

மனைவி: இடது கைப்பக்கம் ஒரு மாடி வீடு. கொடியில துணி காயுதுங்க. தூண்னு பார்த்தா ஒரே ஒரு விளக்குத் தூண்.

கணவர்: இடிச்சிருப்பாங்க. முப்பது வருஷம் ஆச்சில்ல?

மனைவி: வலது கைப்பக்கம் வெள்ளையா, பெரிசா நிக்குதே, அது என்னங்க?

கணவர்: அது... அது வந்து...

மனைவி: தூணை எண்ணிட்டேன். பதினாறு.

கணவர்: ஆங்! அதேதான். இடம் மாத்திட்டாங்க போல.

மனைவி: மாளிகையையா? தெருவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தூக்கி வச்சுட்டாங்களா?

கணவர்: உன்கூட வந்தா ஒரு அழகை நிம்மதியா ரசிக்க முடியுதா?

மனைவி: நாம எங்க ரசிக்க வந்தோம்? நாளைக் காலையில சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் ரயில்ல வந்து இறங்குறாங்க. அவங்களுக்கு ஊரைச் சுத்திக் காட்டணும். அதுக்கு இன்னைக்கு ஒத்திகை.

கணவர்: ஒத்திகையா? எனக்கா? நாலு வருஷம் இந்த ஊர்ல கப்பல் கம்பெனியில குப்பை கொட்டினவனுக்கா? உன்னோட தனியா ஒரு நாள் இருக்கலாமேன்னு ஆசைப்பட்டுக் கூட்டிட்டு வந்தேன்.

மனைவி: அடேங்கப்பா! கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் கழிச்சு வந்த ஆசை.

கணவர்: நக்கல் பண்ணாதே. நம்ம பொண்ணு கல்யாணத்தன்னைக்கே நான் சம்பந்திகிட்ட வாக்குக் குடுத்துட்டேன். இந்த ஊர்ல ஒரு கல்லு விடாம எனக்குத் தெரியும்னு.

மனைவி: நானும் பக்கத்துலதானே நின்னேன். அவர் சர்வே துறையில முப்பத்தஞ்சு வருஷம் சங்கிலி பிடிச்சு அளந்தவர். திசை இம்மி தப்பினாலும் விடமாட்டார்.

கணவர்: ஏன் இப்பவே பயமுறுத்துற?

மனைவி: சொல்லி வைக்கிறேன். குடையை மடக்கிக்கோங்க. அடுத்த முனை திரும்பினா காத்து தூக்கிட்டுப் போயிடும்.

கணவர்: உனக்கெப்படித் தெரியும்?

மனைவி: கடற்கரை ஊர்ல காத்தடிக்கும்னு சொல்லச் சோசியரா வரணும்?

கணவர்: சரி, இங்க நில்லு. இது முக்கியமான இடம். சம்பந்தி அசந்துடுவார். தொண்டையைச் செருமிக்கிறேன்... "இவ்விடத்தே நின்று வலப்புறம் நோக்குவார்க்கு, ஆழியின் அலைகள் வெண்முத்துக் கோத்த ஆரமெனத் தோன்றி, நெஞ்சினைக் கொள்ளை கொள்ளும்!"

மனைவி: வலப்புறம் பஸ் நிலையம்ங்க.

கணவர்: என்ன!

மனைவி: ஆழி இடப்புறம் இருக்கு. அது சரி, நீங்க எப்போதிருந்து "நோக்குவார்க்கு"ன்னெல்லாம் பேச ஆரம்பிச்சீங்க? அந்தச் செய்தித்தாளைக் குடுங்க.

கணவர்: எதுக்கு? அதுல ஒண்ணுமில்ல. நேத்துப் பேப்பர்.

மனைவி: நேத்துப் பேப்பரைக் காலையிலிருந்து பத்து அடிக்கு ஒரு தடவை விரிச்சுப் பார்க்கிறீங்களே, அதனாலதான் கேட்கிறேன். குடுங்க... ஓகோ, உள்ளே ஒரு புத்தகம். "கடல்நகரக் காட்சிக் கையேடு. துறைமுகம் தொடங்கி ரயில் நிலையம் ஈறாக." அட, கீழே பென்சில்ல கோடெல்லாம் போட்டிருக்கு! பரீட்சைக்குப் படிச்சீங்களா?

கணவர்: ஞாபகத்தைத் தூசு தட்ட வாங்கினேன். அவ்வளவுதான்.

மனைவி: குளியலறையில கதவைச் சாத்திட்டு ஒரு மாசமா முணுமுணுத்தது இதுதானா? நான் நீங்க பக்தியில இறங்கிட்டீங்கன்னு நினைச்சேன்.

கணவர்: படிச்சது அத்தனையும் மனப்பாடம். ஒரு எழுத்துப் பிசகாது. இந்த ஊர்தான் பிசகுது.

மனைவி: ஊர் பிசகல. முதல் பக்கத்தைப் பாருங்க. "துறைமுகம் தொடங்கி." நாம எங்க தொடங்கினோம்?

கணவர்: ரயில் நிலையத்துல.

மனைவி: ஆங். புத்தகம் எழுதினவங்க வந்த வழியில நாம எதிரே போறோம். அவங்க இடதெல்லாம் நமக்கு வலது.

கணவர்: ஐயையோ!

மனைவி: காலையிலிருந்து கல்லறைத் தோட்டத்தைக் காட்டி நடன மண்டபம்னு சொல்லிட்டு வர்றீங்க. "இங்கேதான் சீமாட்டிகள் விடிய விடிய ஆடுவாங்க"ன்னு சொன்னப்போ எனக்குப் பகீர்னுச்சு.

கணவர்: அப்போ எல்லாத்தையும் திருப்பி மனப்பாடம் பண்ணணுமா? ஒரே நாள்லயா? இடதுன்னு வாயில வரும்போதெல்லாம் வலதுன்னு... என் நாக்கு சுளுக்கிடும்!

மனைவி: நாளைக்குத் துறைமுகத்துலயே தொடங்குங்களேன்.

கணவர்: முடியாது. அவர் ரயில்ல வந்து இறங்குவார், இறங்கின இடத்திலேயே "இது எந்தத் திசை"ன்னு கேட்பார்... இரு. ஒரு யோசனை.

மனைவி: வேண்டாம். உங்க யோசனை எங்க கொண்டு விடும்னு எனக்குத் தெரியும்.

கணவர்: கேளு. நாம ரயில் நிலையத்திலிருந்துதான் போறோம். ஆனா பின்னாலயே நடந்து போறோம். முகம் ரயில் நிலையத்தைப் பார்த்து, கால் துறைமுகத்தைப் பார்த்து. இடது இடதாவே இருக்கும்!

மனைவி: சம்பந்தியையும் பின்னால நடக்க வைக்கப் போறீங்களா?

கணவர்: பழைய ஊரைப் பழையபடி பார்க்கிற முறை இதுதான்னு சொல்லிடுவேன். வா, நடந்து பார்ப்போம். திரும்பு... ம், நட. இடது கைப்பக்கம் சுங்க மாளிகை. வந்துச்சா?

மனைவி: வந்துச்சு.

கணவர்: வலது கைப்பக்கம் பீரங்கி மேடை!

மனைவி: அதுவும் வந்துச்சு. எதிர்ல வர்றவங்க எல்லாரும் நின்னு நம்மளைத்தான் பார்க்கிறாங்க. காட்சியே நாமதான் இப்போ.

கணவர்: பார்க்கட்டும். பார்த்தியா என் மூளையை? இப்படியே நேரா போனா...

காவலாளி: ஐயா! ஐயா! பின்னால இரும்புக் கேட்டு இருக்கு, பார்த்து... அடடா. இடிச்சுட்டீங்களே.

கணவர்: ஆ! யாருப்பா நீ?

காவலாளி: கலங்கரை விளக்கத்துக்குக் காவலுங்க. இது அதோட வாசல். எல்லாரும் முகத்தைக் காட்டிட்டு வருவாங்க, நீங்க முதுகைக் காட்டிட்டு வர்றீங்களே?

மனைவி: மூட்டுவலிங்க அவருக்கு. பின்னால நடந்தா நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்.

காவலாளி: உங்களுக்கும் மூட்டுவலியா அம்மா?

மனைவி: எனக்குத் தலைவலி.

கணவர்: அதெல்லாம் இருக்கட்டும். தம்பி, நான் இந்த ஊருக்குப் புதுசு இல்ல. இந்த விளக்குமேல தினம் சாயங்காலம் ஏறுவேன். நூத்தி எழுபத்திரண்டு படி. சரியா?

காவலாளி: படி சரிதாங்க.

கணவர்: கேட்டுக்கோடி! படி சரியாம்.

காவலாளி: எப்போங்க ஏறுனீங்க?

கணவர்: அது ஆச்சு, முப்பது முப்பத்திரண்டு வருஷம்.

காவலாளி: இது கட்டி இருபத்திரண்டு வருஷந்தாங்க ஆகுது. மேஸ்திரி என் மாமனார்.

கணவர்: கட்டின வருஷத்தைப் புத்தகத்துல போடலையே... இல்ல, நான் சொல்றது பழைய விளக்கை.

காவலாளி: அது கடலுக்குள்ள பாறைமேல இருந்துச்சு. படகுலதான் போகணும்.

கணவர்: படகுலதான் போவேன்!

காவலாளி: தினமுமா? சாயங்காலத்துல அலை ஏறிடுமேங்க. படகே விடமாட்டாங்க.

கணவர்: எனக்கு மட்டும் விடுவாங்க. கப்பல் கம்பெனி ஆளுன்னு ஒரு மரியாதை.

காவலாளி: அப்படின்னா எங்க அப்பாவை நல்லாத் தெரிஞ்சிருக்கும். பழைய விளக்குக்கு அவர்தான் காவல்.

கணவர்: அவரைத் தெரியாமலா! கண்ணு முன்னாடியே நிக்கிறார். நல்ல உசரமா, பெரிய மீசையா...

காவலாளி: குள்ளங்க. மீசையும் கிடையாது.

மனைவி: அப்புறம் எடுத்திருப்பார்.

காவலாளி: உசரத்தையுமா அம்மா? அதோ, யாரோ டிக்கெட் கேட்கிறாங்க. நான் போறேன். நாளைக்கு வாங்க ஐயா, அப்பாவும் இங்கதான் உட்கார்ந்திருப்பார். பழைய கதை பேசலாம்.

மனைவி: போயிட்டார். இந்தப் பெஞ்சுல உட்காருங்க. முகமெல்லாம் வேர்த்து ஊத்துது.

கணவர்: நாளைக்கு இவன் மட்டும் போதாதுன்னு இவன் அப்பன் வேற வர்றானாமே. சம்பந்தி முன்னாடி என் மானம் கப்பலேறப் போகுது.

மனைவி: தண்ணி குடிங்க முதல்ல.

கணவர்: உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது.

மனைவி: சொல்லுங்க.

கணவர்: நாலு வருஷம்னு சொல்லியிருக்கேனில்ல... அது கொஞ்சம் கம்மி.

மனைவி: மூணா?

கணவர்: இன்னும் கொஞ்சம் இறங்கு.

மனைவி: ரெண்டு?

கணவர்: ரெண்டு சரி.

மனைவி: ரெண்டு வருஷம்னா அதுவும் ஒரு காலந்தானே...

கணவர்: வருஷம் தப்பு.

மனைவி: மாசமா?

கணவர்: ...நாள்.

மனைவி: ரெண்டு நாள்.

கணவர்: முழுசா ரெண்டு நாள். திங்கள்கிழமை வேலையில சேர்ந்தேன். ஒரு அறையில ஆறு பேர். அஞ்சு பேர் குறட்டை, ஆறாவதா கடல். அந்தச் சத்தம் யாரோ கூப்பிடுற மாதிரியே இருக்கும். மெஸ் சோறு தொண்டையில இறங்கல. அம்மா ஞாபகம். புதன்கிழமை விடியும்போது ரயிலேறிட்டேன்.

மனைவி: மிச்ச நாலு வருஷமும்?

கணவர்: அக்கா வீட்ல. மாமாவோட மரக்கடையில. தரகர்தான் "கப்பல் கம்பெனி மாப்பிள்ளை"ன்னு உங்க வீட்ல அளந்துவிட்டார். நான் மறுத்துச் சொல்றதுக்குள்ள தட்டு மாத்திட்டாங்க. அப்புறம் உங்கப்பா முன்னாடி ஒண்ணு ரெண்டு கதை... அப்புறம் பிள்ளைங்களுக்கு ஒண்ணு ரெண்டு... என்ன, சிரிக்கிறியா, அழறியா?

மனைவி: "கடலின் ஓசை என் நெஞ்சை வாட்டுவதாலும், அன்னையின் கைமணம் இவ்விடத்தே இல்லாமையாலும், இப்பணியினின்று கண்ணீருடன் விடைபெறுகிறேன்."

கணவர்: அடியே! அது... அது நான் எழுதி வச்சுட்டு வந்த ராஜினாமா! அது எப்படி உன் வாயில?

மனைவி: பொண்ணைக் குடுக்கிற வீடு விசாரிக்காமலா குடுக்கும்? மாப்பிள்ளை எப்படின்னு அப்பா கம்பெனிக்கே வந்து கேட்டார். அந்தக் கடிதத்தைத் தலைமை எழுத்தர் அலமாரியில பத்திரமா வச்சிருந்தார். புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கெல்லாம் படிச்சுக் காட்டுவாராம். நாலு பக்கம். ரெண்டு இடத்துல மை கரைஞ்சிருந்துச்சு.

கணவர்: கடவுளே... அப்போ கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியுமா? உங்கப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கலையே!

மனைவி: அப்பா இந்தச் சம்பந்தமே வேண்டாம்னார். நான்தான் இவரையே முடிங்கன்னு பிடிவாதம் பிடிச்சேன். ரெண்டே நாள்ல வீட்டை நினைச்சு அழுதுட்டு ரயிலேறுற ஆளு, என்னை விட்டுட்டு எந்தக் கப்பலும் ஏறமாட்டார்னு தோணிச்சு.

கணவர்: இருபத்தெட்டு வருஷமா நான் அளந்தது எல்லாத்தையும் தெரிஞ்சே கேட்டுட்டிருந்தியா?

மனைவி: ஒவ்வொரு தடவையும் புதுசாச் சொல்வீங்க. ஒரு வருஷம் புயல்ல மூணு கப்பல் தப்பும், அடுத்த வருஷம் அஞ்சு. கேட்க நல்லாத்தான் இருந்துச்சு.

கணவர்: அது கிடக்கட்டும். நாளைக்கு என்ன பண்றது? சம்பந்தி கிட்ட எந்த முகத்தோட நிப்பேன்?

மனைவி: நாளைக்கு உங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கு. வாயைத் திறக்க வேண்டாம், கையைக் கட்டிட்டுப் பெரிய மனுஷனாத் தலையாட்டினா போதும். ஊரை நான் காட்டறேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால நிழல் சந்து. அது வழியாப் போனா கோட்டையோட சின்ன வாசல், கூட்டமே இருக்காது. வெயில் ஏறுறதுக்குள்ள கல்லறைத் தோட்டம். அங்கிருந்து சுங்க மாளிகை மாடிக்கு ஒரு வளைஞ்ச படி இருக்கு, மேல நின்னா துறைமுகம் முழுசாத் தெரியும்...

கணவர்: இரு, இரு. சந்து, சின்ன வாசல், வளைஞ்ச படி, ஒண்ணுகூடப் புத்தகத்துல இல்லையே! இதெல்லாம் உனக்கு யாரு சொன்னாங்க?

மனைவி: யாரும் சொல்லல. விசாரிக்க அப்பா தனியா வரலைங்க, என்னையும் கூட்டிட்டு வந்தார். வந்ததே வந்தோம்னு ஊரெல்லாம் சுத்திப் பார்த்துட்டு நாலு நாள் தங்கினோம். உங்களைவிட ரெண்டு நாள் கூடுதல்.