மழை நோட்டில் பதினோரு பேர்

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, ஆங்கிலத்துறைத் தலைவர் பேராசிரியர் ஆசிர் அவர்களே, முன்வரிசையில் மகளின் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் பெரியண்ணன் ஐயா அவர்களே, சக ஆசிரியர்களே, அலுவலக நண்பர்களே, மாணவச் செல்வங்களே!

எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். போதாது. மணியடித்தாலும் நிறுத்தமாட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கோபித்துக்கொள்ளக்கூடாது.

எனக்கு முன் பேசியவர்கள் எல்லோரும் மறைந்த நம் பொருளியல்துறைத் தலைவர் முனைவர் சுதாராணி அவர்களை ஏழைப் பங்காளி என்றார்கள், மலைமக்களின் விளக்கு என்றார்கள். சரி. பதினைந்து நாளுக்கு முன்னால் இதே வளாகத்தில் அவரை என்னவென்று சொன்னோம்? பொய் வருகை போடுகிறவர் என்று சொன்னோம்! சொன்னது யார்? எழுத்தில் கொடுத்தது யார்? நான்தான். கணிதத்துறை சந்திரசேகர். அந்தப் புகாரில் இருப்பது என் கையெழுத்து. அதைச் சொல்லாமல் இந்த மைக்கைத் தொட எனக்கு யோக்கியதை கிடையாது.

சலசலப்பு வேண்டாம். நேரம் இல்லை, கேளுங்கள்.

இன்று மாலை ஐந்து மணிக்கு, தேர்வு எழுத அனுமதி இல்லாதவர்களின் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போகிறது. அதில் பதினோரு பெயர்கள் ஏற்காட்டு மலையில் கொட்டச்சேடு, மாரமங்கலம் பக்கத்துப் பிள்ளைகளுடையவை. வருகை எழுபத்தைந்து விழுக்காட்டுக்குக் கீழே போய்விட்டது. எப்படிப் போயிற்று? சுதாராணி கொடுத்த வருகையை நான் அடித்தேன், அதனால் போயிற்று. அந்தப் பதினோரு பேரும் தேர்வு எழுதுவார்களா மாட்டார்களா என்பது மூன்று பேர் கையில் இருக்கிறது. முதல்வர், ஆசிர் சார், நான். வருகைப்பதிவுக் குழு என்றால் நாங்கள் மூவர்தான். இந்தப் பருவம் போனால் அடுத்த பருவம் படித்துக்கொள்ளட்டும் என்கிறீர்களா? ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளை மலையைவிட்டு மறுபடி இறங்கி வரும் என்று உங்களில் யாராவது எனக்கு எழுதிக் கொடுப்பீர்களா? இப்போது மணி மூன்று இருபத்தைந்து.

கொரோனா முடிந்து கல்லூரி திறந்த நாளை நினைத்துப் பாருங்கள். நாமெல்லாம் என்ன செய்தோம்? அப்பாடா என்றோம். ஆனால் போனில் பாடம் அனுப்புகிற சுகம் நமக்குப் பழகிப்போயிருந்தது. குறிப்பு போனில், தேர்வு போனில், வருகைகூடப் போனில். வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் அண்ணனோடு வேலைக்குப் போய்விடும் என்கிற பிள்ளையை நாம் கேட்டோமா? சுதாராணி கேட்டார். அதுவும் எப்படி? போன் இல்லாதவர்கள் கையைத் தூக்குங்கள் என்று வகுப்பில் நிறுத்தி மானத்தை வாங்கவில்லை. அறுபது பேருக்கும் குறிப்பைக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தார். ஒருவரையும் விடாமல் கொடுத்தார். போன் இருக்கிறவனுக்கு எதற்கம்மா காகிதம், வீண்தானே என்று நான் கேட்டேன். “எல்லாத்துக்கும் குடுத்தா யாருக்கு இல்லைன்னு யாருக்கும் தெரியாதுங்க சார்” என்றார். எனக்கு அது புரிய இரண்டு வருடம் ஆயிற்று. முப்பது வருடமாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவன் நான்!

சனாவை உங்களுக்குத் தெரியும். கொட்டச்சேடு பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் ஷேக் தாவூத் பாயின் மகள். காது கேட்காது, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். முகக்கவசம் போட்டுக்கொண்டு நாம் பேசிய காலத்தில் அவளுக்கு ஒரு சொல்கூடப் போய்ச் சேரவில்லை. கவசம் போனபிறகு நான் என்ன செய்தேன்? கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினேன். ஒரு வருடம் அவளை மந்தம் என்று நினைத்தேன்; உள்மதிப்பீட்டில் அப்படியே மதிப்பெண்ணும் போட்டேன். ஒருநாள் சுதாராணி என் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். வெளியே வந்து சிரித்துக்கொண்டே சொன்னார்: “சார், உங்க முதுகு நொம்ப நல்லாத்தான் பாடம் நடத்துதுங்க. கொஞ்சம் மூஞ்சியையும் நடத்தச் சொல்லுங்க.”

கோபம் வந்தது எனக்கு. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் எழுதிவிட்டுத் திரும்பி நின்று பேசினேன். அந்தப் பருவத்தில் சனா என் தாளில் வாங்கியது எண்பத்தொன்று.

இத்தனையும் தெரிந்த நான்தான் அவர்மேல் புகார் எழுதினேன் என்றால் என்னை என்ன சொல்வீர்கள்?

காரணத்தைச் சொல்கிறேன். சுதாராணியின் அப்பா பெரியண்ணன் ஐயா எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். காலையில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஆஜர் எடுப்பது அவர் வேலை. மழை கொட்டி அன்றைக்குக் காட்டில் வேலை நடக்காவிட்டாலும், வந்து நின்ற ஆளுக்கு நோட்டில் பேர் உண்டு. அது அந்த எஸ்டேட்டின் வழக்கம். அந்த வழக்கத்தைப் பார்த்து வளர்ந்த மகள் நம் கல்லூரிக்கு அதைக் கொண்டு வந்தார். மலைமேலே மழை பிடித்தால் பஸ் வராது. பிள்ளைகள் காலை ஏழு மணிக்கு நிறுத்தத்தில் வந்து நின்று, நனைந்து, திரும்பிப் போவார்கள். நம் பதிவேட்டில் அது ‘வரவில்லை’. சுதாராணி, தாவூத் பாய் கடையில் பன் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு வைத்தார். பஸ் வராத நாளில் தேதி, நேரம் போட்டுப் பிள்ளைகள் கையெழுத்திடுவார்கள். பாய் அடியில் கையெழுத்திடுவார். அதோடு விட்டாரா? விட்ட பாடத்தைச் சனிக்கிழமை அவரே மலையேறிப் போய் நடத்தினார். நடத்திய பிறகுதான் வருகை போட்டார். பிள்ளைகள் அதற்கு மழை நோட்டு என்று பெயர் வைத்தார்கள். அப்போதிருந்த முதல்வர் செய்யுங்கள் அம்மா என்று வாயால் சொன்னார். எழுதித் தரவில்லை.

நான் விதியைப் பிடித்துக்கொண்டேன். டீக்கடையில் போடுகிற கையெழுத்தெல்லாம் வருகையா? நாளைக்கு ஆளாளுக்கு ஒரு கடையில் நோட்டு வைத்தால் என்ன ஆவது? இதை மடக்கிக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். நோட்டில் ஒரு தேதியை எடுத்தேன். செப்டம்பர் பதினெட்டு. பதினோரு கையெழுத்து. பஸ் பணிமனையில் அன்றைய தாளைக் கேட்டு வாங்கினேன். வண்டி ஓடியது என்று இருந்தது. பிடித்துவிட்டேன்! ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று புகாரிலேயே எழுதினேன். ஒரு நாள் பொய் என்றால் நோட்டு முழுக்கப் பொய் என்றேன். சுதாராணிக்கு மெமோ போயிற்று.

அவர் என் அறைக்கு வந்தார். சண்டை போடவில்லை. உட்காரவும் இல்லை. “சார், நான் சொன்னா நம்பமாட்டீங்க. ஒரே ஒருக்கா அந்த பஸ்ஸுல மேல போயிட்டு வாங்க. அப்பறம் என்ன எழுதினாலும் ஒத்துக்கறேனுங்க” என்றார். எனக்கு நேரமில்லை அம்மா என்றேன். நேரமில்லை! மறுநாள் என் அறையில் உட்கார்ந்து நான் என்ன செய்தேன் தெரியுமா? செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் அவருக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. பழைய இதயக்கோளாறு, உங்களால் இல்லை சார் என்று டாக்டர் சொன்னார், ஆசிர் சார் சொன்னார், என் மனைவி சொன்னாள். என் மனசு ஒப்புக்கொள்ளவில்லை. இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் அந்தப் பஸ்ஸில் ஏறினேன். தாவூத் பாய் என்னைப் பார்த்ததும் டீ போட்டார். நான் யாரென்று சொன்னேன். அதன் பிறகும் டீயைக் கையில் கொடுத்தார். செப்டம்பர் பதினெட்டு வண்டி ஓடியதாமே என்றேன்.

“ஓடுச்சுங்க சார். ஆருங்க இல்லைன்னது? குப்பனூர் ரோட்டுல பாறை உழுந்து கெடந்துச்சுங்க. ஏற்காட்டுலயே திருப்பி, பெரிய ரோட்டுல சேலத்துக்கு எறங்கிப் போயிருச்சு. இந்தப் பக்கமே வரலீங்க. புள்ளைங்க எட்டரை வரைக்கும் இங்கதான் நனைஞ்சுட்டு நின்னுதுங்க.”

இரண்டு ரோடு ஐயா, இரண்டு ரோடு! இந்த மலைக்கு இரண்டு ரோடு இருப்பது சேலத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாதா? வண்டி ஓடியதா என்று கேட்டேனே தவிர, எந்த ரோட்டில் ஓடியது என்று கேட்கவில்லை. பணிமனைக்குத் திரும்பப் போனேன். அவர்கள் எதையும் மறைக்கவில்லை. தாளின் இரண்டாம் பக்கத்தில் ‘பாதை மாற்றம்’ என்று தெளிவாக எழுதியிருக்கிறது. நான் வாங்கிவந்தது முதல் பக்கம். இதோ, இன்று இரண்டு பக்கமும் என் கையில் இருக்கின்றன.

யானைக்கும் அடி சறுக்கும் என்று எனக்கு ஆறுதல் சொல்லாதீர்கள். நான் சறுக்கவில்லை. இன்னொருத்தரைத் தள்ளிவிட்டேன்.

பெரியண்ணன் ஐயாவின் வீட்டுக்கும் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். நான் தொடங்குவதற்குள் அவரே பேசினார். “மழை நாள்ல வந்து நின்னவனுக்குப் பேர் போடோணுமுங்க. வேலை நடக்காதது அவன் குத்தமில்லீங்களே. எம்மகளுக்கு இதைத் தவிர நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலீங்க சாமி” என்றார். ஐயா, உங்கள் முன்னால், இத்தனை பேர் அறிய இப்போது கேட்கிறேன். என்னை மன்னியுங்கள். மன்னிக்காவிட்டாலும் நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத்தான் இறங்குவேன்.

இன்று காலையிலிருந்து மழை. கூட்டம் தொடங்குவதற்கு முன் அந்தத் தூண் அருகே இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. இத்தனை செய்த அம்மாவுக்கு மலைப் பிள்ளைகள் ஒருத்தராவது வந்திருக்கிறார்களா பார், நன்றி கெட்டதுகள் என்று. பேர் சொல்லமாட்டேன். பதினைந்து நாளுக்கு முன்னால் என்றால் நானே அதைச் சொல்லியிருப்பேன். இந்தமுறை கேட்டுவிட்டுப் பேசுவோம் என்று தாவூத் பாய் கடைக்குப் போன் போட்டேன். மூன்றாம் ஆண்டு வெண்ணிலா எடுத்தாள்.

“சார், நாங்க ஏழு மணிக்கே வந்துட்டோமுங்க. சனாவும் இங்கதான் நிக்கறா. பஸ்ஸு வரலீங்க. நடந்தே எறங்கிரலாம்னோம், ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்குது, போகக்கூடாதுன்னு பாய் உடலீங்க. டீச்சர் கூட்டத்துக்கு வந்தோம்னு பதினோரு பேரும் நோட்டுல கையெழுத்துப் போட்டிருக்கோமுங்க.” பிறகு கேட்டாள். “அது செல்லுமுங்களா சார்?”

சபையோரே, அது செல்லுமா?

என் ஒருவன் பதில் போதாது. நாலு மணிக்குக் கூப்பிட்டுச் சொல்கிறேன் கண்ணு என்றேன்.

முதல்வர் அவர்களே, உங்கள் மேசையில் நான் வைத்திருப்பது மூன்று தாள்கள். ஒன்று, என் புகாரைத் திரும்பப் பெறும் கடிதம். இரண்டாவது, அந்தப் பஸ் தாளின் நகல், இரண்டு பக்கமும். மூன்றாவது, மழை நோட்டின் வருகையை ஏற்கும் குழுத் தீர்மானம். பல்கலைக்கழகம் கேட்டால் யார் பதில் சொல்வது என்று நேற்று என்னிடம் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். நான் சொல்கிறேன். பொறுப்பு என்னுடையது என்று தீர்மானத்தின் அடியில் எழுதியே கொடுத்திருக்கிறேன். விசாரணை வந்தால் என்மேல் வரட்டும். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, அது போனாலும் போகட்டும்.

சுதாராணி அம்மா! நீங்கள் வாழ்ந்த காலத்தில் உங்களுக்கு நான் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. வர வேண்டிய நேரத்தில் வராமல் இப்போது வந்து நிற்கிறேன். இந்தச் சனிக்கிழமையிலிருந்து உங்கள் மலை வகுப்பை நான் நடத்துகிறேன். எனக்குப் பொருளியல் தெரியாது, படித்துக்கொள்கிறேன். எல்லோருக்கும் காகிதம் தருகிறேன். முகத்தைக் காட்டிப் பேசுகிறேன். மழை நோட்டு தீர்ந்தால் அடுத்த நோட்டை நான் வாங்கி வைக்கிறேன். கேட்காமல் எழுதமாட்டேன், அம்மா. இது உங்கள் படத்துக்கு முன்னால் சத்தியம்.

ஆசிர் சார் எழுந்துவிட்டார். கையெழுத்துப் போடுகிறார். நன்றி சார். மகராசனாக இருங்கள்.

இப்போது தீர்மானத்தில் இரண்டு கையெழுத்து இருக்கிறது. மூன்றாவதுக்கு இடம் விட்டிருக்கிறது. மணி மூன்று ஐம்பத்தைந்து. மலைமேலே பதினோரு பிள்ளைகள் டீக்கடைப் போனைச் சுற்றி நிற்கிறார்கள்.

ஐயா, அவர்கள் வந்துவிட்டார்கள். பேர் போடுங்கள்.