சிவப்பு நூல் கட்டிய சீத்தாப்பூ

பழத்தோட்ட விவசாயிகளின் இந்த அவைக்குத் தலைமையேற்று, பேச்சாளர்கள் அனைவரையும் சுருக்கமாக முடிக்கும்படி அன்போடு எச்சரித்திருக்கும் பெரியவர் தெய்வசிகாமணி ஐயா அவர்களே! உழவர்கரையிலிருந்தும் வில்லியனூர்ச் சாலையின் இருபுறத்து ஊர்களிலிருந்தும் திரண்டு வந்திருக்கும் உழவர் பெருமக்களே! வீட்டு வேலையை முடித்து, தோட்ட வேலையையும் முடித்து, மூன்றாவது வேலையாக என் பேச்சைக் கேட்க அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கல்லூரியில் தாவரவியல் நடத்தும் பிரிஸ்கில்லாவாகிய நான் உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

பழத்தின் தரத்தை உயர்த்தும் பரிசோதனைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். ஆனால் பழத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் என் பிழையைப் பற்றிப் பேச வேண்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஹேமலதா என்ற என் மாணவி ஒரு சீத்தாக்காயைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். ஒரு பக்கம் உப்பி, மறுபக்கம் ஒட்டி, கோணிக்கொண்டிருந்தது. "எங்க மரத்துல எல்லாமே இப்படித்தான் மேடம். அப்பா வெட்டப் போறாரு" என்றாள். மூலக்குளத்தைத் தாண்டி அவர்களுக்கு ஒரு ஏக்கர் தோட்டம். போய்ப் பார்த்தேன். பூவுக்குப் பஞ்சமில்லை, காயைத்தான் காணோம்!

அவள் அப்பா சக்கரபாணி ஒரே பேச்சாகச் சொன்னார்: "ஆறு வருஷம் பாத்தாச்சி மேடம். வெட்டிட்டு சவுக்கு வச்சிடறேன். வெட்டற ஆளுக்குக்கூட சொல்லிட்டேன்."

குறை எங்கே? தண்ணீரிலா? இல்லை. எருவிலா? இல்லை. மண்ணிலா? அதுவும் இல்லை! சீத்தாப்பூ முதலில் பெண்ணாக விரிகிறது. பிறகுதான் ஆணாக மாறி மகரந்தத்தை உதிர்க்கிறது. ஒரே பூவில் இரண்டும் சந்திப்பது அரிது. சின்னஞ்சிறு வண்டுகள் ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவில் சேர்த்தால்தான் காய். சூலெல்லாம் மகரந்தம் பெற்றால் உருண்டைக் காய். பாதி பெற்றால் கோணல் காய். என்ன ஐயா, பின்வரிசையில்? வண்டு வராவிட்டால் என்ன செய்வது என்கிறீர்களா? அதற்குத்தான் இந்தக் கதை!

மாலையில் ஆண்பூக்களைப் பறித்துக் காகிதத்தில் வைத்து, உதிரும் மகரந்த மாவை டப்பாவில் சேர்த்து, மறுநாள் காலையில் மெல்லிய தூரிகையால் பெண்பூவுக்குள் தடவ வேண்டும். புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். புத்தகத்தில் 'காலை' என்று இருந்தது. நான் பத்து மணி என்றேன். ஏன் பத்து? என் ஸ்கூட்டர் அந்தத் தோட்டத்துக்குப் போய்ச் சேரும் நேரம் அது!

முந்நூறு பூக்களைத் தொட்டோம். நான்கு காய்த்தன. மற்றவை அத்தனையும் உதிர்ந்தன. சக்கரபாணி என்னைத் திட்டவில்லை, "காபி சாப்பிடறீங்களா மேடம்?" என்றுதான் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

அப்போது அவர் மனைவி செல்வாம்பாள் குறுக்கிட்டார். நகரத்துத் துணிக்கடையில் வேலை பார்ப்பவர். வேலை நாளில் எட்டரை மணிக்கெல்லாம் பேருந்தைப் பிடித்தாக வேண்டும்; அன்று விடுமுறை. சொன்னார்: "கோச்சிக்காதீங்க மேடம். லீவு நாள்ல பத்து மணிக்குப் பூவுக்குள்ள தொட்டா காஞ்சி கெடக்குது. ஆறு மணிக்கு நான் தொட்டுப் பாத்தேன், பிசுபிசுன்னு இருக்குது. பிசுபிசுப்பு இருந்தாத்தான மாவு ஒட்டும்?"

பட்டம் பெற்றவள் நான், பார்த்தவர் அவர்! பாடம் நடத்தியவள் நான். பூவைத் தொட்டுப் பார்த்தவர் அவர்!

கணவரிடம் திரும்பினார்: "பத்தே பத்து மரம் எனக்கு வுடுங்க. இந்தப் பூக்குற பருவம் முடியட்டும். அப்பறம் நானே ஆளக் கூப்புடறேன்."

பத்து மரங்கள் தப்பின. காலை ஆறு மணிக்கு நூறு பூக்களைத் தூரிகையால் தொட்டுச் சிவப்பு நூல் கட்டினார். அதே மரங்களில் நூறு பூக்களைத் தொடாமல் விட்டு வெள்ளை நூல் கட்டினார். அதே நீர், அதே எரு, அதே வெயில். வெள்ளை நூலில் ஆறு காய்கள். சிவப்பு நூலில் ஐம்பத்தெட்டு!

கைதட்டாதீர்கள், இன்னும் முடியவில்லை. அடுத்து விரிந்த பூக்களையும் அவர் அப்படியே தொட்டார். காய் கூடியது, கிளை தாங்கவில்லை. ஒரு மழைக்கு இரண்டு கிளைகள் முறிந்தன. மிகுந்த காய்களைக் கிள்ளி எறிந்தாக வேண்டும். சக்கரபாணிக்குக் கை வரவில்லை. "காயே இல்லன்னு ஆறு வருஷம் பொலம்பினோம். வந்ததக் கிள்ளிப் போடுறியே, மனசு வருதா?" என்றார்.

"எனக்கும் வரல. நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க" என்று கிள்ளத் தொடங்கினார் செல்வாம்பாள். திரும்பி நின்றவர் சற்று நேரத்தில் தானே வந்து, மனைவிக்கு எட்டாத கிளையை வளைத்துப் பிடித்தார்.

அக்டோபரில் பறித்தோம். முதல் பழத்தைச் சக்கரபாணி இரண்டாகப் பிளந்தார். எல்லாப் பக்கமும் வெள்ளை வெளேரென்று சதை. ஒரு பாதியை மனைவியிடம் நீட்டினார். மரம் வெட்டும் ஆளுக்குப் போன் போட்டு, "வரவேணாம்பா" என்றார். அவ்வளவுதான்.

உழவர் பெருமக்களே! பரிசோதனை என்பது கண்ணாடிக் குடுவைக்குள்தான் நடக்குமா? கல்லூரிக்குள்தான் நடக்குமா? கேள்வி கேட்கும் இடமெல்லாம் ஆய்வுக்கூடம்தான்! ஒரு கிளையில் தொடங்குங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றைத் தொடாமல் விடுங்கள். உதிர்ந்ததையும் எழுதுங்கள், ஒடிந்ததையும் எழுதுங்கள். என்னைப் போன்றவர்கள் தவறாகச் சொன்னால், முகத்துக்கு நேரே சொல்லுங்கள்!

இன்று உங்கள் கையில் இருக்கும் கையேட்டை நான் எழுதினேன். அதன் முதல் பக்கத்தில் என் பத்து மணிப் பிழை அச்சாகியிருக்கிறது. ஆறு மணியைக் கண்டுபிடித்தவர் பெயரும் அச்சாகியிருக்கிறது. அவர் இன்று கடைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மூன்றாவது வரிசையில் பூக்களோடு அமர்ந்திருக்கிறார். தலைவர் ஐயா எனக்குத் தந்த நேரத்தில் ஐந்து நிமிடம் மிச்சம் இருக்கிறது. பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றி, வணக்கம்.

செல்வாம்பாள் அம்மா, மேடைக்கு வாருங்கள். எப்படித் தடவுவது என்று நீங்கள் காட்டுங்கள். நான் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொள்கிறேன்.