யானைப் படம்

ஆயர் ஈத்தாமிலிருந்து யோங் பெங் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கை இளைஞர் சிகரெட் பெட்டியைப் பிரித்து உள்ளே இனாமாக வைத்திருந்த மிருகப் படத்தை எடுத்தார். பக்கத்தில் இருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார்.

“புலிங்களா தம்பி? என் மவன் ரெண்டு வருசமா தேடுன படம். அவன் காய்ச்சல்ல போனப்புறம் பெட்டிக்குப் பெட்டி புலிதான்.”

“இந்தாங்க, வச்சிக்குங்க.”

“வேணாம். யானை இருக்கா?”

“யானையா? அது தெருவுலயே கெடக்குமே.”

“அவன்கிட்டயும் நெறையா இருந்துச்சி. எல்லாத்துக்கும் பின்னால பென்சில்ல தன் பேர எழுதி, மானுக்கும் கரடிக்கும் மாத்திட்டான். இப்ப வீட்டுல அவன் எழுத்து ஒண்ணுகூட இல்ல. எனக்கு வாசிக்கத் தெரியாது. பென்சில் எழுத்து இருக்கான்னு பாருங்க.”

இளைஞர் தன் பையில் சேர்த்து வைத்திருந்த யானைப் படங்களை எடுத்துத் திருப்பினார். மூன்றாவதில் எழுத்து இருந்தது.

“மவன் பேரு என்னங்க?”

“ரத்தினம்.”

இளைஞர் அந்த எழுத்தை இன்னொரு முறை பார்த்தார்.

“அவருதாங்க,” என்று நீட்டினார்.

பெரியவர் அந்த எழுத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தார். பின் இருக்கையிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. சின்னசாமி என்று எழுதியிருந்தது.