காளிராஜ் வந்த காரியம்

— ஐயா, மொதல்ல உள்ள வந்து உக்காருங்க. நீங்க வாசல்ல நிக்க நிக்க தெருவே இங்கதான் பாக்குது.

— பாக்கட்டும் முத்துராசு. ரெண்டு வார்த்த. சொல்லிட்டுப் போயிருவேன்.

— காளிராஜ் ஐயா எங்க வீட்டு வாசப்படி ஏறுனதே பெரிசு. ரெண்டு வார்த்தையோட அனுப்புனா ஆண்டவரு என்னையத்தான் கோவிப்பாரு. சுமதி, அந்த நாக்காலியில கெடக்குற துணிய எடு.

— எடுத்தாச்சு. உக்காருங்கய்யா. அடுப்புல பால் வச்சிருக்கேன், காப்பி குடிச்சிட்டுத்தான் போகணும்.

— இருக்கட்டும் தாயி. கை எப்படிப்பா இருக்கு?

— தோத்திரம், நல்லாருக்குய்யா. எலும்பு கூடி வருதாம். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில மாவுக்கட்ட மாத்திப் போட்டு விட்டாக. சோத்துக் கை பாருங்க, அதனால மூணு வேளையும் சுமதிதான் ஊட்டி விடுறா. கல்யாணமான புதுசுலகூட எனக்கு இந்தப் பாக்கியம் கெடைக்கல.

— ஆமா, பாக்கியம். ஒரு வாய் குடுத்தா நாலு கத பேசுறாரு. ஆறிப்போன சோத்த வச்சுக்கிட்டு நான் தேவுடு காத்துக் கெடக்கேன்.

— வேலைக்கு என்ன செய்ற?

— ஒத்தக் கையால கெணத்து மோட்டார எங்கய்யா தூக்க? பந்தல்குடி மெக்கானிக்கு ஒருத்தரு கழட்டுறாரு, நான் பக்கத்துல உக்காந்து கொற சொல்றேன். எப்ப என்னையக் கெணத்துக்குள்ள தள்ளி விடுவாருன்னு தெரியல.

— ம்.

— நீங்க தயங்க வேணாம்யா. எதுக்கு வந்தீகன்னு எங்களுக்குத் தெரியும்.

— தெரியுமா?

— ஊருக்கே தெரியுமேய்யா. உங்க மகன் மதன்குமாரு போலீசு பரிச்சையில பாசாயிட்டாரு. ஓட்டம், கயிறு ஏறுறது எல்லாத்துலயும் தேறிட்டாரு. இந்தக் கேஸு ஒண்ணுதான் குறுக்க நிக்குது.

— அதான் நானும் சொல்ல...

— இருங்கய்யா. இவரு வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிக்கிறேன். இல்லாட்டி எல்லாத்துக்கும் சரி சரின்னு தலைய ஆட்டிருவாரு. கையிலதான் கட்டு, தலையில இல்லையே.

— ஏ சுமதி...

— நீங்க செத்த சும்மா இருங்க. போன மாசம் ஊர்ப் பெரியவுக ரெண்டு பேரு வந்தாகய்யா. ‘உன் புருசன் பைப்பு மேல நின்னு வழுக்கி விழுந்துட்டாருன்னு எழுதிக் குடுத்துரு, பிரச்சன முடிஞ்சிரும்’னாக. மாட்டேன்னுட்டேன். மன்னிக்கச் சொல்லுங்க, மன்னிக்கிறோம். விழுந்தாருன்னு சொல்லச் சொல்லாதீக. ஞாயித்துக்கெழம, செவனேன்னு ஜெபத்துக்கு உக்காந்திருந்த எடத்துல வந்து அடிச்சாக. மைக்கப் புடுங்கி எறிஞ்சாக. கம்ப ஓங்குனது உங்க மகன். மன்னிப்பு வேற, பொய்யி வேறய்யா.

— அவுகள நான் அனுப்பல தாயி.

— நீங்க அனுப்புனீகன்னு சொல்லல. அவுக வந்தாகன்னு சொல்றேன்.

— அந்தப் பெரியவுககிட்ட இவ என்ன சொன்னா தெரியுமாய்யா? ‘வழுக்கி விழுந்தது எம்புருசன் இல்ல, இந்த ஊரு’ன்னுட்டா. ரெண்டு பேரும் செருப்பத் தேட ஆரம்பிச்சிட்டாக.

— நல்லாத்தான் சொல்லிருக்கு.

— ஆத்திரத்துல வந்திருச்சுய்யா.

— ஆத்திரத்துல வந்தாலும் நெசம் நெசந்தான். முத்துராசு, ஒண்ணு கேக்கணும்ப்பா. ரொம்ப நாளா மனசுல கெடந்து அறுக்குது. ஜெபம் நடந்த அந்தத் தகரக் கொட்டகையில நீங்க நெறைய பேரு இருந்தீக. வந்தது கொஞ்சப் பயலுக. ஏன் ஒருத்தரும் திருப்பி அடிக்கல?

— அடிக்கத்தான்யா பாத்தாக. எங்காளு உதயகுமாரு இருக்கான்ல, செங்கல்லத் தூக்கிட்டான். ‘ஏலே, போடுறா கீழ’ன்னு இந்த ஒடைஞ்ச கையோட அவன் மேல விழுந்து அமுக்குனேன். வலியில கண்ணு இருட்டிக்கிட்டு வந்திருச்சு. பாஸ்டரு ‘ஜெபம் பண்ணுங்க, ஜெபம் பண்ணுங்க’ங்கிறாரு. நான் எங்க ஜெபம் பண்ணேன்? ‘ஆத்தாடி, அம்மாடி’ன்னு கத்துனேன். ஆண்டவரு அதையே ஜெபமாக் கணக்குல வச்சிருப்பாரு.

— அவன எதுக்கு அமுக்குன?

— எறிஞ்சிருந்தா உங்க மகன் மண்ட ஒடைஞ்சிருக்கும்யா. அப்புறம் நாங்க எதுக்கு அங்க கூடுனோம், எதுக்குப் பாடுனோம்? அடிக்கிறவனுக்காக வேண்டிக்கோன்னு அவரு சொல்லிட்டுப் போயிட்டாரு. லேசாச் சொல்லிட்டாரு. அவரு ஆண்டவரு, நான் மோட்டார் மெக்கானிக்கு. அமுக்க மட்டுந்தான் அன்னைக்கு முடிஞ்சது. வேண்டிக்கிறதுக்கு ஒரு வாரம் ஆச்சு.

— இவருக்கு ஒரு வாரம். எனக்கு அதுவும் முடியலய்யா, நெசமாச் சொல்றேன். எங்க பாஸ்டரு வாரா வாரம் ஏதாவது ஒரு நாட்டுப் பேரச் சொல்லுவாரு. ஆப்பிரிக்காவுல கோயில எரிச்சிட்டாக, இன்னொரு தேசத்துல ஜெபிச்ச குத்தத்துக்கு ஜெயில்ல போட்டுட்டாக, நம்ம நாட்டுலயே வடக்க குடும்பத்தோட ஊர விட்டு வெரட்டிட்டாக, அவுகளுக்காக வேண்டிக்குவோம்னு. நானும் கண்ண மூடிக்கிட்டு ஆமென் சொல்லுவேன். மனசு வீட்டுல, அடுப்புல வச்சிட்டு வந்த கொழம்புல இருக்கும். யாரோ எவுகளோன்னு இருந்தேன். இவரு கையத் தாங்கிப் புடிச்சுக்கிட்டு ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குப் போனேன் பாருங்க, அப்பத்தான் ஒறச்சுச்சு. அங்கயும் ஒருத்தி இப்படித்தான புருசனத் தாங்கிக்கிட்டுப் போயிருப்பா.

— அழுதியா தாயி?

— அழுக வரல. ஆங்காரந்தான் வந்துச்சு. ராத்திரி ஜெபத்துல ‘மதன்குமாருக்காக’ன்னு இவரு ஆரம்பிச்சா நான் எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருவேன். அந்தப் பேரு மீன் முள்ளு மாதிரி தொண்டையில நிக்கும்.

— இப்பவும் நிக்குதா?

— இல்லய்யா. போன வாரம் எம்.ரெட்டியபட்டியில இருந்து ஷேர் ஆட்டோவுல வந்தேன். உங்க மகன் ஓடியாந்து ஏறுனாரு. எதுத்தாப்புல உக்காந்தப்புறந்தான் என்னையப் பாத்தாரு. மூஞ்சி வெளுத்துப் போச்சு. நடு ரோட்டுல, ஒரு மர நெழலுகூட இல்லாத எடத்துல, ‘நிறுத்துங்க’ன்னு சொல்லி எறங்கிட்டாரு. திரும்பிப் பாத்தேன், வெயில்ல தனியா நடந்து வாராரு. என்னையப் பாத்து ஒரு ஆளு பயப்படுறத என் வாழ்க்கையில நான் பாத்ததே இல்ல. எனக்கு அது பிடிக்கலய்யா. அன்னைக்குத்தான் பேரச் சொல்லி வேண்டிக்கிட்டேன்.

— சத்தமாவே சொன்னா. நான் முழிச்சுப் பாத்தேன், வேற யாராவது வந்திருக்காகளான்னு.

— ஒங்களுக்கு எல்லாம் வெளையாட்டு.

— அதனால ஐயா, நீங்க வாய் விட்டுக் கேக்கவே வேணாம். நேத்து எங்க சபையில எல்லாருமா உக்காந்து பேசிட்டோம். கோர்ட்டுல நடந்தத நடந்தபடி சொல்லுவோம். யாரு அடிச்சதுன்னு கேட்டா பேரச் சொல்லுவோம். சொல்லிட்டு, ‘எங்களுக்கு வழக்கு வேணாம், ராஜியாப் போறோம்’னு எழுதிக் குடுத்துருவோம். முடியும்னு வக்கீலும் சொல்லிட்டாரு.

— எல்லாருமா ஒத்துக்கிட்டாக?

— உதயகுமாரு மொணங்குனான். ‘ரோட்டோரம் டீக்கட இருக்கு, நின்ன ஆளுக இருக்காக, ஊர்ல ஒருத்தன்கூட பாத்தேன்னு சாட்சி சொல்லல, நம்ம மட்டும் எதுக்கு எறங்கிப் போகணும்’னான். அவன் கேக்குறதும் ஞாயந்தான. கடைசியில ஒத்துக்கிட்டான். செங்கல்லக் கீழ போட்டவன் இதையும் போட்டுட்டான்.

— ஆனா ஒரு காரியம் இருக்குய்யா. அது எங்க கையில இல்ல.

— சொல்லு தாயி.

— சந்தனம் அக்கா. கொட்டகைக்குப் பக்கத்து வீடு, புருசன் இல்லாதவுக. கம்பு மொதல்ல அவுக மேலதான் வந்துச்சு, இவரு கைய நீட்டுனதால இவரு மேல விழுந்துச்சு. அன்னைக்குப் போனவுகதான், மல்லாங்கிணத்துல மக வீட்டுலயே இருக்காக. ஆட்ட உதயகுமாரு வீட்டுல கட்டியிருக்கு, வீடு பூட்டிக் கெடக்கு. ராத்திரி நாய் கொலச்சாக்கூட எந்திரிச்சு உக்காந்துக்கிறாகளாம். இவரு கைக்கு இவரு மன்னிச்சிட்டாரு. அக்காவோட பயத்த நாங்க எப்படிய்யா மன்னிக்க? அது அவுகளுதுல்ல.

— ஞாயம்.

— நாங்க கூப்பிட்டா வர மாட்டேங்காக. உங்க வீட்டுல இருந்து யாராவது போயி, ‘வாங்க, ஒண்ணும் ஆகாது’ன்னு ஒரு வார்த்த சொன்னா வருவாக. அது ஒண்ணுதான்யா நாங்க கேக்குறது.

— தங்கலட்சுமி காலையிலயே பஸ்ஸு ஏறிட்டா.

— எங்கய்யா?

— மல்லாங்கிணறுக்குத்தான். சந்தனத்தக் கையோட கூட்டிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. எம்பொண்டாட்டி எங்கிட்ட கேட்டா போறா? வெள்ளன எந்திரிச்சு சேலைய மாத்துனா, கெளம்பிட்டா. எங்க காட்டுல பருத்தி எடுக்குறப்ப ரெண்டு பேருக்கும் பேச்சு ஓயாது. இந்நேரம் கட்டிப் புடிச்சு அழுதுக்கிட்டிருப்பாளுக.

— ஆண்டவரே, தோத்திரம்! கேட்டியா சுமதி?

— கேட்டேன், கேட்டேன். ஐயா, காப்பி. ஆத்தித்தான் கொண்டாந்திருக்கேன், குடிங்க.

— குடு தாயி... சீனி தூக்கலா இருக்கே.

— ஐயையோ, பேச்சுல ரெண்டு தடவ போட்டுட்டேன் போல.

— இருக்கட்டும், இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு.

— இனி என்னய்யா, முடிஞ்சது காரியம். திங்கக்கெழம வக்கீலப் பாத்து ராஜிக்கு எழுதிக் குடுத்துருவோம். தம்பி வேலையில சேரட்டும். அக்கா வீடு தொறக்கட்டும். நாங்க எங்க பாட்டுக்கு ஜெபத்தப் பண்ணிக்கிறோம். நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போங்க.

— வேணாம்.

— என்னய்யா?

— ராஜி வேணாம் முத்துராசு. வந்ததுல இருந்து வாயெடுக்குறேன், புருசனும் பொண்டாட்டியும் விட்டாத்தான. நான் ராஜி கேட்டு வரல.

— பின்ன எதுக்குய்யா வந்தீக?

— முந்தாநேத்து பய ஓடிப் பழகிட்டு வந்து, போன்ல கூட்டாளிகிட்டப் பேசுறான். ‘காக்கிச்சட்ட மட்டும் வந்திரட்டும், அப்புறம் எவன் என்னையக் கேப்பான்’ங்கிறான். நான் தொழுவத்துல மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கிட்டு இருந்தேன். தண்ணிக்குள்ள விட்ட கைய எடுக்கத் தோணல.

— சும்மா வாய்ப்பேச்சுய்யா. சின்ன வயசுதான. ஆட்டோவுல என்னையப் பாத்துட்டு எறங்குனாரே, மனசுல இல்லாமலா எறங்குனாரு?

— பயத்துல எறங்கிருக்கான் தாயி. வெக்கம் இன்னும் வரல. ரெண்டும் வேற. காரணமில்லாமக் கம்பெடுத்தவன் கையில சர்க்காரே ஒரு கம்பக் குடுத்தா, நாளைக்கு அடி வாங்கப் போறது எந்த வீட்டுப் புள்ளையோ. அவனும் உன் புருசன் மாதிரி மன்னிச்சுக்கிட்டே இருக்கணுமா?

— ஐயா, ஒத்தைக்கு ஒரு மகன்யா. அவரு வாழ்க்க போயிரும்.

— போகாது. காடு இருக்கு, கெணறு இருக்கு, பாடுபட ஒடம்பு இருக்கு. நீங்க மன்னிச்சிட்டீக, அது உங்க பெரிய மனசு. நான் பெத்தவன்ப்பா. நான் மன்னிக்கணும்னா, ‘ஆமா, செஞ்சேன்’னு அவன் மொதல்ல சொல்லணும். நாலு பேருக்கு முன்னால சொல்லணும்.

— சுமதி, நீயாச்சும் சொல்லேன். நீதான நல்லாப் பேசுவ.

— நீங்க செத்த இருங்க. ஐயா, இது தங்கலட்சுமி அம்மாவுக்குத் தெரியுமா?

— நேத்து ராத்திரி அவகிட்டத்தான் மொதல்ல சொன்னேன். விடிஞ்சதும் ‘நீங்க அங்க போங்க, நான் மல்லாங்கிணறு போறேன்’னா. அம்புட்டுத்தான்.

— இருந்தாலும்யா, அந்த வழக்கு நிக்கிறதே கஷ்டம்னு வக்கீல் சொன்னாரு. எங்க சபை ஆளுக சொல்றதத் தவிர எங்ககிட்ட வேற ஒண்ணும் இல்ல. நீங்களா ஏன் மகனக் கொண்டு போயி நிறுத்தணும்?

— நான் அன்னைக்குப் பருத்தி லோடோட அந்த ரோட்டுலதான் டிராக்டர்ல வந்தேன் முத்துராசு. கம்ப ஓங்குனது எம்மகன்தான்னு கோர்ட்டுல நான் சொல்றேன், வக்கீல்கிட்ட என் பேரச் சாட்சியாச் சேக்கச் சொல்லு.