எடிட்டிங்கில் சேர்க்காத அமைதி

நோக்க அறிக்கை ஆயிரம் சொல்லுக்கு மிகக் கூடாது என்று விண்ணப்பத்திலேயே போட்டிருந்தீர்கள், மேடம். அதனால் சில விவரங்களைச் சேர்க்க இடமில்லாமல் போய்விட்டது. இப்போது நேர்முகத் தேர்வு முடிந்து, சினிமா ஆய்வில் முனைவர் பட்டத்துக்கு எனக்கு இடம் கிடைத்திருப்பதாகக் கடிதமும் வந்துவிட்டது. கூடவே நீங்கள் தனியாக ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். என் குறும்படத்தின் கடைசி ஷாட்டில் மோட்டார் சத்தம் நின்று ஓர் அமைதி வருகிறதே, அதை எடிட்டிங்கில் செய்தீர்களா என்று. தமிழில் கேட்டிருக்கிறீர்கள், தமிழிலேயே சொல்கிறேன். எடிட்டிங்கில் செய்யவில்லை.

எப்படி வந்தது என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தூத்துக்குடித் துறைமுகத்தின் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் கண்டெய்னர்களுக்குப் படிவம் நிரப்புகிறவன் நான். மூன்று வருடத்தில் பதினொரு இடங்களுக்கு விண்ணப்பித்தேன். எல்லோரும் மரியாதையாகத்தான் மறுத்தார்கள். ஓரிடத்தில் மட்டும் ஒரு பெரியவர் என் ஆய்வுத் திட்டத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நடுவுல வெட்டாம எடுக்குற நீண்ட ஷாட்டைப் பத்தி இருபது பக்கம் எழுதியிருக்கீங்க தம்பி. ஒண்ணாவது எடுத்துப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. ஏட்டுச் சுரைக்காய் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அவர்களும் சொன்னார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது வெட்கத்தில் யார் முகத்தையும் நான் பார்க்கவில்லை.

உங்கள் பல்கலைக்கழகம் விண்ணப்பத்தோடு ஒரு காட்சிப் படைப்பும் கேட்டது. கடைசி நாள் ஜனவரி முப்பத்தொன்று.

என் அக்கா மரியசெல்வியின் கணவர் வில்பிரட் சங்கு குளிப்பவர். திரேஸ்புரத்திலிருந்து வள்ளத்தில் போய், காற்றுக்குழாயை வாயில் கடித்துக்கொண்டு ஏழெட்டுப் பாகம், அதாவது நாற்பது நாற்பத்தைந்து அடி ஆழத்தில் இறங்கிச் சங்கு பொறுக்குவார். மேலே வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடினால்தான் கீழே மூச்சு. இடுப்பில் ஒரு கயிறு. ஒருமுறை இழுத்தால் சங்குப் பையைத் தூக்கு என்று அர்த்தம். விடாமல் இழுத்தால் ஆளைத் தூக்கு. அந்தக் கயிற்றைக் கண்டவர் கையில் கொடுப்பது எங்கள் குடும்பங்களில் வழக்கமில்லை. முத்துக் குளித்த காலத்திலிருந்தே மச்சினன்தான் பிடிக்க வேண்டும். கூடப்பிறந்தவளின் தாலியை எவனும் தன் கையாலேயே அறுக்கமாட்டான் என்ற நம்பிக்கை. என் படத்துக்கு 'மச்சினன் கயிறு' என்று பெயர் வைத்தது அதனால்தான். நீங்களும் பெயர் பொருத்தம் என்றீர்கள்.

வில்பிரட் மச்சான் நல்ல மனிதர். அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. வேலை நாட்களில் வள்ளத்தில் ஐந்தாறு பேர் இருப்பார்கள், பேச்சும் செல்போன் பாட்டுமாக இருக்கும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவர் மட்டும் போகலாமா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை. அக்கா சண்டைக்கு வந்தாள்.

"பூசை முடிஞ்ச கையோட கடலுக்கா? ஊரு என்ன சொல்லும்?"

"ஏளா, சும்மா கெட. எம் மச்சினன் டாக்டராவப் போறான்."

"ஊசி போடுத டாக்டரா?"

"இல்லளா, படம் காட்டுத டாக்டரு" என்று சொல்லி மச்சான் சிரித்தார். அக்காவும் சிரித்துவிட்டாள். அதற்குமேல் அவள் தடுக்கவில்லை.

துறைமுகத்துக் கிரேன்கள் சின்னதாகத் தெரிகிற தூரத்தில் நங்கூரம் போட்டோம். முதல் இரண்டு முறையும் ஷாட் வீண். கம்ப்ரசர் அரிசி மில் மாதிரி தடதடத்தது. அந்தச் சத்தத்தில் கடலே இல்லை. மச்சான் மேலே வந்து, "போதுமால ஜெர்சா?" என்றார்.

"இன்னும் ஒண்ணு மச்சான்." பிறகு கேட்டேன், "இந்த மோட்டாரு நின்னுபோச்சுன்னா கீழ எவ்ளோ நேரம் தாங்கும்?"

அவர் காற்றுத் தொட்டியைத் தட்டிக் காட்டினார். "இதுல கெடக்க காத்து ரெண்டு நிமிசம் தாங்கும்ல. அதுக்குள்ள மேல வந்துர மாட்டேனா? ஏம்ல கேக்க?"

"சும்மாதான்" என்றேன். ரெண்டு நிமிடம் என்று நோட்டில் எழுதியும் வைத்துக்கொண்டேன். ஆய்வு செய்கிறவன் தகவலைக் குறித்து வைக்க வேண்டும்.

மூன்றாம் முறை அவர் இறங்கினார். ஆடுகிற வள்ளத்தில் கேமராவை அசையாமல் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். கயிற்றை வள்ளத்தின் குறுக்குக் கட்டையில் கட்டினேன். படத்தில் இடது ஓரம் தெரிகிறதே, அதுதான். ஷாட் தொடங்கி நாற்பதாவது நொடியில் கால் விரலால் கம்ப்ரசரின் சுவிட்சை அணைத்தேன். கேமரா கொஞ்சமும் ஆடவில்லை, நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அந்த அமைதி வந்தது, மேடம். அலை வள்ளத்தின் வயிற்றில் தட்டுகிற சத்தம். எங்கோ தூரத்தில் ஒரு கப்பலின் ஹாரன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதினொரு இடத்திலும் நான் எழுதிக் காட்ட முயன்றது என் கண் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

பிறகு கயிறு ஒருமுறை இழுபட்டது. கொஞ்சம் விட்டு, விடாமல் இழுபட்டது. நேர்முகத்தில் இந்த இடத்தைத்தான் "கயிறே நடிக்கிறது" என்று பாராட்டினீர்கள். விடாமல் இழுபட்டால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என் ஆய்வுத் திட்டத்தின் மூன்றாம் பக்கத்தில் விளக்கியிருக்கிறேன். ஆனால் கேமராவைக் கீழே வைத்தால் ஷாட் அறுந்துவிடும். இன்னும் கொஞ்சம் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். கயிறு தளர்ந்து தண்ணீரில் வளைந்து கிடந்த பிறகும் ஒரு நிமிடம் விட்டேன், ஏனென்றால் முடிவு அப்போதுதான் நிறைவாக இருந்தது. மொத்தம் நான்கு நிமிடம் பத்து நொடி.

அதன் பிறகு மோட்டாரைப் போட்டு, கயிற்றை அவிழ்த்து இழுத்தேன். என்னால் முடிந்த மட்டும் இழுத்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. கீழே யாரோ விட்டுப்போன கிழிந்த வலை ஒன்று அவர் காலில் சுற்றியிருந்தது. நான் இழுத்த இழுப்பில் அது பாறையிலிருந்து அறுந்து அவரோடு மேலே வந்தது. வலை அங்கே கிடந்ததற்கு நான் பொறுப்பில்லை.

கரையில் கூட்டம் கூடியது. விசாரிக்க வந்த காவல் அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கயித்த யாரு பிடிச்சிருந்தா?"

வள்ளத்துக்குச் சொந்தக்காரர் பால்துரை அண்ணாச்சி முந்திக்கொண்டார். "மச்சினன்தான் சார். அவன் பொண்டாட்டிக்குக் கூடப்பொறந்தவன். கையப் பாருங்க."

என் கையைப் பார்த்தார்கள். அதிகாரி பேனாவை மூடிவிட்டார். நான் பொய் சொல்லவில்லை. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேமரா என் தோளில்தான் தொங்கியது.

அடக்கம் முடிந்த மறுநாள் அக்கா என் உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் தடவினாள். "வேற எவன் பிடிச்சிருந்தாலும் நான் சும்மா விட்டிருக்க மாட்டம்ல. நீ பிடிச்சிருந்த. அதுலதான் எம் மனசு ஆறுது" என்று சொல்லி அழுதாள். நானும் அழுதேன், உண்மையாகவே. படத்தைக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிட்டேன். முடிவில் அவர் நினைவுக்குக் காணிக்கை என்றும் போட்டேன்.

அக்காவுக்கு என் அட்மிஷன் செய்தி தெரியும். கோயிலில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தாள்.

இவ்வளவும் எழுதுவதற்குக் காரணம், அந்த அமைதி கம்ப்யூட்டரில் சத்தத்தை அழித்துச் செய்த வேலை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதுதான். அந்த ஷாட்டில் போலி எதுவும் இல்லை. மோட்டாரை அணைத்தது நான். கயிறு இழுபட்டதைப் பார்த்தது நான். அவர் இறக்கும்வரை எடுத்ததும் நான்தான்.

இந்தக் கடிதத்துக்காகப் படத்தை நேற்று மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு தவறுதான் கண்ணில் பட்டது. கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் 'கயிறு பிடித்தவர்: ஜெர்சன்' என்று இருக்கிறது. அதை மட்டும் நீக்கிவிட்டு, சேர்க்கை நாளுக்குள் புதிய பிரதியை அனுப்பிவிடுகிறேன்.